சரவெடிக்குப் பயந்தவன்

என் நாய்க்கு வெடிச் சத்தம் என்றால் பயம். அந்தப் பயத்தை அவனுக்குள் ஏற்றியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் என்னைக் குடைய வேண்டாம்.

"சுத்த சைவம் நீங்க, உங்களுக்கு எதுக்கு வேட்டை நாய்?" என்று அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் ரிச்சர்ட்சனில் என்னைக் கேட்காத தமிழர் கிடையாது. அட, காடையை நானா கடிக்கப் போகிறேன்? புல்லுக்குள் பதுங்கிய காடையை மோப்பம் பிடித்து, மூக்கை நீட்டி, ஒரு முன்காலைத் தூக்கியபடி அசையாமல் நிற்பான் பாருங்கள், அதைப் பார்க்கத்தான் வாங்கினேன். நான் போட்டியிட நினைத்த குட்டி நாய்களுக்கான ட்ரையலில் பறவையைச் சுடவும் மாட்டார்கள். நாய் அப்படி நின்றதும் பறவையைக் கிளப்பிவிட்டு, வானத்தைப் பார்த்து வெற்றுத் தோட்டா ஒன்று வெடிக்க வேண்டும். நாய் மிரளக் கூடாது, அவ்வளவுதான்.

சத்தத்துக்குப் பழக்க என் மகா மூளைக்குத் தோன்றிய வழி தீபாவளி. ஊருக்கு வெளியே, தெரிந்தவர் நிலத்தில் எல்லோரும் கூடி வெடி வெடிப்போம். நாலு மாதக் குட்டியை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். சரவெடியின் முதல் படபடப்பிலேயே கழுத்துப் பட்டையை உருவிக்கொண்டு ஓடிவிட்டான். ரொம்ப நேரம் தேடி, ஒரு டிரக்குக்கு அடியிலிருந்து இழுத்து எடுத்தோம். அதற்குப் பிறகு வீட்டில் குக்கர் விசில் அடித்தால்கூட பாத்டப்புக்குள் போய்ப் படுத்துக்கொள்வான்.

குட்டியை விற்றவர் நல்ல மனிதர். சத்தத்துக்குப் பயப்படுகிற நாயைத் திருப்பிக் கொடுத்தால் வேறு குட்டி தருவதாக முன்பே எழுதிக் கொடுத்திருந்தார். "மாத்திக்கலாம்மா" என்றார் என் வீட்டுக்காரர். எனக்கு வந்ததே கோபம்! கடைசியில், வசந்தகால ட்ரையலில் அவன் மிரண்டால் மாற்றிக்கொள்ளலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்புக்கொண்டேன்.

ஐந்து மாதம் உழைத்தோம். அவன் சாப்பிட உட்காரும் நேரமாகப் பார்த்து, தோட்டத்தின் கடைசி மூலையில் வீட்டுக்காரர் இரண்டு எவர்சில்வர் தட்டுகளை மோதுவார். வாரம் ஒரு அடி கிட்டே வருவார். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். பார்க்கட்டும்!

ட்ரையல் அன்று வெட்டவெளி மைதானம். நடுவர் வழக்கப்படி குதிரையில் வந்தார். ஓடிக்கொண்டிருந்தவன் ஒரு புதரருகே சட்டென்று நின்றான். மூக்கு, வால், தூக்கிய கால், எதுவும் அசையவில்லை. புதரை உதைத்தேன். காடை கிளம்பியது. சுட்டேன்.

துள்ளித் திரும்பினான். ஓடுவதற்கு அத்தனை பெரிய மைதானம் இருந்தது. அவன் நேராக என்னிடம் ஓடிவந்து, முழங்கால்களுக்கு நடுவே தலையை நுழைத்துக்கொண்டு நடுங்கினான். நடுவர் நாயை வெளியே கொண்டுபோகச் சொன்னார். ஃபெயில்.

மைதான எல்லையில் விற்றவர் தயாராக நின்றார், கையில் அதே தாயின் அடுத்த ஈற்றுக் குட்டி. எதற்கும் அஞ்சாதாம். "என்னம்மா பண்ணலாம்?" என்றார் வீட்டுக்காரர். குரலே இறங்கியிருந்தது.

"என்ன பண்றதா? அன்னைக்கு பயந்து எங்கேயோ ஓடினவன், இன்னைக்கு வெடிச்சவகிட்டயே ஓடி வந்திருக்கான். அவன மாத்தணுமாம்! அவனக் கெடுத்தது நான். மாத்தறதா இருந்தா என்னை மாத்துங்க!"

ஒப்புக்கொண்டது வாஸ்தவம்தான். மீறினேன், போங்கள். விற்றவருக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. என் முகத்தைப் பார்த்தார், புதுக் குட்டியைக் கூண்டுக்குள் வைத்துத் தாழ்ப்பாள் போட்டார்.