அப்பாவின் பல் வவுனியாவுக்குப் போனது

அப்பா தன்னுடைய பல் செட்டை எங்கள் வேலணை வீட்டுக் குசினியில், ஒரு தண்ணீர்க் கிளாசுக்குள் மறந்து வைத்துவிட்டு நெடுந்தீவுக்குப் படகேறிவிட்டார். பேரனின் பிறந்தநாளுக்கு வந்தவர். மாடுகள் தேடும் என்று விடியவே புறப்பட்டவர் பல்லைத் தேடவில்லை.

இதில் பதற ஒன்றுமில்லை. தீவாருக்கென்று பொருள் அனுப்பும் முறை ஒன்று இருக்கிறது. குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போய், நெடுந்தீவுப் படகில் ஏறுகிற யாரிடமாவது நீட்டவேண்டியதுதான். முகம் தெரியாதவராக இருந்தாலும், இன்னாருடைய வீடு என்று சொன்னால் போதும், பின்னேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடும். மருந்து, மீன், தாலிக்கொடி எல்லாம் இப்படிக் கடல் கடந்திருக்கின்றன. ஒன்றுகூடத் தொலைந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

என் கணவருக்கு அது போதாது. அந்த மாதம்தான் அவர் ஒரு பார்சல் கம்பனியின் வேலணை முகவராகியிருந்தார். முன் அறையில் ஒரு மேசை, ஒரு தராசு, ஸ்டிக்கர் அடிக்கும் மெஷின் ஒன்று. வாடிக்கையாளர் ஒருவரும் வராததால் தராசில் நான் வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கிளாசைக் கண்டதும் அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் எங்கள் கலியாணத்தன்றும் காணவில்லை.

"துறையிலை கொண்டு போய்க் குடுங்கோவன்" என்றேன்.

"அது பழைய முறையப்பா. இது நம்பரோடை போகும். எங்கை நிக்குதெண்டு போனிலை பாக்கலாம்."

"படகிலை விட்டால் பாக்கத் தேவையில்லை. கடலிலை நிக்கும், இல்லாட்டி வீட்டிலை நிக்கும்."

என் பேச்சு எடுபடவில்லை. பல்லைப் பஞ்சில் சுற்றிப் பெட்டியில் வைத்து, 'உடையக்கூடியது' என்று ஒட்டி அனுப்பிவிட்டார்.

மேற்கே போகவேண்டிய பெட்டி கிழக்கே யாழ்ப்பாணம் போனது. அங்கிருந்து லொறியேறித் தெற்கே வவுனியா போனது. வடக்கில் எந்தப் பார்சலும் வவுனியாவில் இறங்கிப் பிரிந்துதான் தன் ஊருக்குப் போகுமாம். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்கள். இவர் வன்னியைச் சுற்றி மாமனாரின் வாயைத் தொடப் பார்த்தார். பெட்டி மையத்தை வந்தடைந்தது என்று போன் சொன்னது. அடுத்த நாளும் அதையே சொன்னது. அதற்கடுத்த நாள், 'விநியோக வாகனம் செல்லப் பாதை இல்லை' என்றது. கடலைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். இவர் அதையும் பரீட்சை முடிவு போலப் பெருமையாக வாசித்துக் காட்டினார்.

இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே இருந்திருப்போம், அம்மா போன் எடுத்திருக்காவிட்டால்.

"செவலை மாடு வரேல்லைப் பிள்ளை" என்றார் அம்மா. "கொப்பருக்கு விசில் வருகுதில்லை."

இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். அந்தப் பல் செட்டின் முன் பக்கத்தில் ஒரு சின்ன நீக்கல் உண்டு. கட்டிய புதிதில் பேசும்போதெல்லாம் காற்றுக் கீச்சிட, திருப்பிக் கொடுக்கப்போகிறேன் என்று அப்பா குதித்தார். பிறகு ஒரு பின்னேரம் வெட்டை வெளியைப் பார்த்து வேண்டுமென்றே ஊதியிருக்கிறார். மேய்ந்த மாடெல்லாம் தலை தூக்கிப் பார்த்திருக்கின்றன. அன்றிலிருந்து அந்த நீக்கலை அடைக்க யாரையும் விடவில்லை. நெடுந்தீவில் மாடுகள் கயிறில்லாமல் மேற்கு வெட்டை முழுக்க மேயும். பொழுதுபட அப்பா வேலியடியில் நின்று விசிலடித்தால் அவருடையவை மட்டும் பிரிந்து தண்ணீர்த் தொட்டிக்கு வரும். அம்மா கூப்பிட்டால் திரும்பியும் பாரா.

பல் போன பிறகு மற்ற மாடுகள் தாகத்துக்குத் தாமாக வந்துவிட்டன. செவலை வரவில்லை. அவள் வயிற்றில் தலைக்கன்று. நாள் நெருங்கிய மாடு எங்காவது பற்றைக்குள் ஒதுங்கிக்கொள்ளும். கோடை, வெட்டையில் சொட்டுத் தண்ணீர் இல்லை. போன வருடம் இப்படி வெளியில் விழுந்த கன்று ஒன்றை நாய்கள் கொண்டுபோய்விட்டன. அன்று அப்பா சாப்பிடவில்லை என்பது எனக்குத் தெரியும். இந்த முறை அயலவர்களோடு செவலையைத் தேடிக் களைத்துவிட்டு, மறுநாள் முதல் படகில் அவரே வந்து எங்கள் வாசலில் நின்றார், சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு.

"எங்கை என்ரை பல்லு?" என்று மருமகனைக் கேட்டார்.

"வவுனியாவிலை பத்திரமா இருக்கு மாமா."

கணவருக்குச் சொல்லவேண்டியதெல்லாம் சொல்லிவிட்டு, வேலைக்கு லீவு போட்டு, அப்பாவோடு பஸ் ஏறினேன்.

எனக்கு வவுனியா என்றால் சண்டைக் காலத்தில் பயண அனுமதிப் பாஸுக்கு வரிசையில் நின்ற ஊர். பிறகு கொழும்பு பஸ்ஸில் தேத்தண்ணிக்கு இறங்கும் ஊர். இப்போது வீதியோரம் வயல் இருந்த இடமெல்லாம் கிரவல் கொட்டித் தகரக் கூரைக் களஞ்சியங்கள் எழும்பியிருந்தன. மலைநாட்டு உருளைக்கிழங்கு, கொழும்பு ஷாம்பு, மன்னார்க் கருவாடு என்று எல்லாம் அங்கே வந்து இறங்கி, ஒன்றையொன்று பார்த்துவிட்டு வேறு லொறியில் ஏறின. அனலைதீவு நண்டும் ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தது. அப்பா நாலு பக்கமும் பார்த்தார்.

"இவ்வளவு சாமானும் வருது, கடல் எங்கை பிள்ளை?"

"கடல் இல்லையப்பா."

"கடலில்லாமல் என்னெண்டு துறைமுகம் வைச்சவங்கள்?" உண்மையாகவே யோசித்துக்கொண்டு நடந்தார்.

களஞ்சியப் பொறுப்பாளர் நல்ல மனிதர், அதுதான் இன்னும் கரைச்சலாகப் போய்விட்டது. அப்பாவுக்குக் கதிரை போட்டார். பெட்டியையும் எடுத்து மேசையில் வைத்தார். அடையாள அட்டையை வாங்கி அப்பாவைப் பார்த்தார், பிறகு அட்டையைப் பார்த்தார், பிறகும் அப்பாவைப் பார்த்தார்.

"குறை நினைக்காதேங்கோ ஐயா. இதிலை இருக்கிறவருக்குப் பல்லு இருக்கு."

"அது உந்தப் பெட்டிக்குள்ளை இருக்கு" என்றேன்.

"ஆள் ஆரெண்டு தெரியாமல் பெட்டியை உடைக்க ஏலாது அக்கா."

"பெட்டியை உடைக்காமல் ஆள் ஆரெண்டு தெரியாது தம்பி."

அவர் இதைச் சிரிக்காமல் யோசித்தார். அங்கும் இங்கும் போன் எடுத்தார். கடைசியில் இரண்டு சாரதிமாரைச் சாட்சிக்கு நிறுத்தி, தன் கையாலேயே ஸ்டிக்கரை உரித்தார். அப்பா போத்தல் தண்ணீரில் பல்லை அலசி மாட்டிக்கொண்டு, புகைப்படத்துக்கு நிற்பதுபோல நிமிர்ந்தார். பொறுப்பாளர் அட்டையை அவர் கன்னத்தருகே பிடித்துப் பார்த்தார். சாரதிமாரும் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்கள்.

வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கடைசிப் படகு எப்போதோ போயிருக்கும், இனி விடியத்தான் வீடு. அம்மாவுக்குப் போன் எடுத்தேன். செவலை இன்னும் இல்லை. மேற்குப் பக்கம் நாய்கள் கூட்டமாகப் போவதைக் கண்டதாக ஆரோ வந்து சொல்லியிருக்கிறார்கள். அப்பா போனை என் கையிலிருந்து பறித்து ஒரு விசில் விட்டார்.

"எனக்குக் கேக்குது" என்றார் அம்மா. "எனக்குக் கேட்டு என்ன பிரியோசனம்? பொறுங்கோ, கோயிலடிக்குப் போறன். திருவிழாவுக்குக் கட்டின ஸ்பீக்கர் குழாய் இன்னும் கழட்டேல்லை. மைக்கிலை போனைப் பிடிக்கிறன்."

அம்மா ஓடுகிற மூச்சு போனில் கேட்டது. நான் விசயத்தைச் சொன்னதும் பொறுப்பாளர் எழும்பிக் களஞ்சிய வாசலுக்குப் போனார்.

"எல்லாரும் எஞ்சினை நிப்பாட்டுங்கோ. ஐயா மாடு கூப்பிடப் போறார்."

ஒவ்வொரு லொறியாக அடங்கியது. பெட்டி ஏற்றியவர்கள் தோளில் பெட்டியோடு அப்படியே நின்றார்கள். அப்பா போனை வாயருகே பிடித்து, கண்ணை மூடி, ஊதினார். ஒரு நொடி கழித்து அதே விசில் நெடுந்தீவு முழுக்கச் சுற்றிவிட்டுப் போனுக்குள்ளால் எங்களிடம் திரும்பி வந்தது. திரும்பவும் ஊதினார். தொண்டை நரம்பு புடைக்க, விடாமல் ஊதினார்.

"ஊராரின்ரை மாடெல்லாம் கத்துது" என்றார் அம்மா. "காட்டுக் குதிரையள் தெற்காலை ஓடுது. ஐயர் ஏசிறார். நீங்கள் ஊதுங்கோ."

பிறகு அம்மாவின் சத்தம் நின்றது. அப்பாவும் நிறுத்தினார். கோயிலடியில் சனம் ஏதோ கதைப்பது மட்டும் கேட்டது.

"வாறாள்" என்றார் அம்மா.

"தனியவோ?" என்றார் அப்பா.

"இல்லை. கண்டுக்குட்டி பின்னாலை விழுந்து எழும்பி வருது."

அப்பா அருகில் இருந்த யாருடையதோ பெட்டியின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார். 'உடையக்கூடியது' என்று அதில் ஒட்டியிருந்ததைப் பொறுப்பாளர் பார்த்துவிட்டு, அவருக்குத் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். அத்தனை பேரும் பார்த்திருக்க அப்பா அழுதார், நானும் அழுதேன்.

"நடக்க விடாதேயும்" என்றார் அப்பா போனுக்குள். "அவள் நிக்கிற இடத்துக்குத் தண்ணியைக் கொண்டு போம்."