பூட்டிய வீட்டுக்கு

பழனிக்கு நடந்து போய்விட்டு பஸ்ஸில் மதுரை திரும்பினேன். பக்கத்தில் இருந்தவளுக்குக் கால் முழுக்கக் கொப்புளம். மடியில் இருந்த பஞ்சாமிர்த டப்பாவை முந்தானையால் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"மகனுக்குப் பிள்ளை வேணும்னு நடந்தேன்க்கா."

அவள் இறங்க வேண்டிய பரவை வரும் முன்னே அவளுக்கு மகன் போன் செய்தான். "வீட்டைப் பூட்டிட்டு மாமியா ஊருக்கு வந்துட்டோம். சித்தி வீட்ல ரெண்டு நாள் இரும்மா."

எனக்கே கேட்டது. "விளாங்குடியில என் வீட்டுக்கு வாடி" என்றேன்.

"நேரா நம்ம வீட்டுக்குத்தான் போகணும். அடுத்த வாசலை மிதிச்சா வேண்டுதல் பலிக்காதுக்கா."

"அம்புட்டையும் முருகன் பாக்க மாட்டான்."

"பெத்தவ பாக்கணும்ல."

பூட்டிய வாசலில் காத்திருக்க, பரவையில் நொண்டிக்கொண்டே இறங்கிப் போனாள்.

அவனுக்குப் பிள்ளை பிறந்ததா, தெரியாது. பிறந்திருந்தால் அவனைப் போலவே இருக்கட்டும்.