நாலு விரல் திறக்கும் ஜன்னல்

முதியோர் இல்லத்தின் மேல்மாடியில் இருப்பவர்கள் சூடு தாங்காமல் மத்தியானம் முழுக்கக் குளியலறைத் தரையில் படுத்துக் கிடக்கிறார்களாம். இல்லத்துக் காவலாளி லிஃப்ட் மெக்கானிக்கிடம் சொல்ல, மெக்கானிக் சொன்னதைக் கணக்குப் பெண் அலுவலகத்தில் கொண்டுவந்து கொட்டினாள். டேப்பு அக்காவுக்குச் சுருக்கென்றது. அவளுடைய அத்தை இருப்பதும் அதே மேல்மாடியில்தான்.

கைப்பையில் எந்நேரமும் அளவு டேப் கிடப்பதால் வந்த பெயர் அது. அவள் இருப்பது, ஒரு கட்டடம் எவ்வளவு சூடாகும், எவ்வளவு மின்சாரம் தின்னும் என்று கணினியில் ஓட்டிப் பார்த்துச் சொல்லும் கம்பெனி. கணினிக்குள் போகும் அளவுகளை நேரில் போய் எடுத்து வருவது அவள் வேலை. சுவரைத் தட்டிப் பார்ப்பாள், கண்ணாடியைத் தடவிப் பார்ப்பாள். கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டு ஜன்னலையும் விட்டுவைக்கவில்லை. "என்னைக்கூட இவ இவ்வளவு உத்துப் பாத்ததில்ல" என்று கணவன் இன்றைக்கும் கிண்டலடிப்பான்.

அந்த இல்லத்தை அளந்ததும் அவள்தான். யாரும் தவறி விழுந்துவிடக் கூடாதென்று மேல்மாடி ஜன்னல்களுக்கெல்லாம் தடுப்புத் திருகு போட்டிருந்தார்கள். வரைபடத்தில் முழுசாகத் திறக்கும் ஜன்னல், நேரில் நாலு விரல்தான் திறந்தது. அதை அப்படியேதான் பதிந்து கொடுத்தாள்.

இப்போது கோப்பைத் திறந்தால் 'முழுத் திறப்பு' என்றிருக்கிறது. பற்றிக்கொண்டு வந்தது. நேரே மேலாளர் அறைக்குள் நுழைந்தாள்.

"சார், என் அளவ மாத்தினது யாரு?"

"நான்தாம்மா. வரைபடத்துல இருக்கறதத்தானே போட்டேன்? உன் அளவப் போட்டா சூடு வரம்பத் தாண்டுது. வெயில் மறைப்பு, ஃபேன்னு இல்லத்துக்காரங்க தலையில எதையாவது கட்டணும். அப்புறம் நம்மகிட்ட வருவாங்களா?"

"அப்ப காத்து வரைபடத்தப் பாத்துட்டா உள்ள வரும்?"

"கோவப்படாதம்மா. கம்ப்யூட்டரே சரின்னுடுச்சு."

"கம்ப்யூட்டருக்கு வேர்க்காது சார். எங்கத்தைக்கு வேர்க்கும்."

"சொந்தபந்தத்த ஆபீசுக்குள்ள கொண்டு வராத."

"அங்க உங்களுக்கு ஒண்ணுவிட்ட சொந்தம்கூட இல்லயா? கொடுத்துவச்சவரு சார் நீங்க!"

கதவை அறைந்து சாத்திவிட்டு இருக்கைக்கு வந்தாள். நாலு விரல் அளவைத் திரும்பப் போட்டு ஓட்டினாள். திரையில் மேல்மாடி முழுக்கச் சூட்டில் சிவந்தது. அதைத் தன் பெயரிலேயே இல்லத்து வார்டனுக்கு அனுப்பினாள். கண்ணாடிக்கு அப்பால் மேலாளர் எழுந்து நிற்பது தெரிந்தது. வேலை போனால் போகட்டும், சனியன்!

ஆனால் மின்னஞ்சலை வார்டனம்மா எப்போது பார்ப்பாளோ. வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எல்லோரையும் இப்போதே கீழ்த்தளத்துக்கு இறக்கியாக வேண்டும். இல்லத்து எண்ணை அழுத்தினாள். அடித்து ஓய்ந்தது. மறுபடி அழுத்தினாள்.

"எடுத்துத் தொலைங்கம்மா..."

அங்கே மணி அடித்துக்கொண்டே இருந்தது.