நார்வேக்காரர் வீடு

எங்கள் வீட்டுக்குத் தெருவில் ‘நார்வேக்காரர் வீடு’ என்று பெயர். ராயபுரத்தில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற சாலையிலிருந்து உள்ளே திரும்பினால், ஆட்டோ நுழையத் திணறுகிற தெரு அது. என்னைப் பார்த்த யாரும் அந்தப் பெயரை நம்பமாட்டார்கள். நான் கருப்பு. சாதாரணக் கருப்பு இல்லை, கூட விளையாடின பயல்கள் என்னைத் தார் டின் என்றுதான் கூப்பிட்டார்கள். “இன்னாடா, நார்வேல வெயிலு ஜாஸ்தியா?” என்று கேட்காதவன் கிடையாது. கேட்டவனை நான் சும்மா விட்டதும் கிடையாது.

அக்கா கதை வேறு. அவளுக்குப் பூனைக்கண், பச்சையும் சாம்பலும் கலந்த நிறம். சின்ன வயதில் முடியும் செம்பட்டை. அம்மா கருப்பு, அப்பா கருப்பு, என்னைப் பற்றிச் சொல்லியாகிவிட்டது. அப்பாவை நாங்கள் நைனா என்போம். ஹார்பரில் சரக்கு ஏற்றி இறக்குகிற வேலை அவருக்கு.

அக்காவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று விருந்துக்கு வந்த பெரியப்பா, அதாவது அம்மாவுடைய அக்காவின் புருஷன், பிரியாணித் தட்டும் கையுமாகக் குழந்தையை எட்டிப் பார்த்துவிட்டு, “எந்தக் கப்பல்காரன் குட்த்த கண்ணுபா இது?” என்று எல்லார் முன்னாலும் கேட்டாராம். அம்மா குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாளாம். நைனா குழந்தையைத் தன் கையில் வாங்கிக்கொண்டு, “எங்க தாத்தா நார்வேக்காரரு. கப்பல்ல வந்து இங்கயே தங்கிட்டாரு. அவரு கண்ணு இது. போதுமா?” என்றாராம். தெருவின் பழைய ஆட்கள் எங்கள் வீட்டை முன்பிருந்தே அப்படித்தான் சொல்லிவந்தார்கள் என்பதால் யாரும் மறுத்துப் பேசவில்லை. நாங்கள் இருவரும் இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தோம்.

அம்மா போய்ப் பல வருஷமாகிறது. நைனா போன வருஷம் போய்ச் சேர்ந்தார். அடக்கம் முடிந்து வீட்டில் எல்லாரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது அதே பெரியப்பா வாயைத் திறந்தார். தொண்ணூறைத் தொடுகிற வயசு, காது கேட்காது, அதனால் ரகசியத்தையும் மைக் பிடித்த மாதிரிதான் பேசுவார். “பாவம்பா அந்த மன்ஷன். எவன் புள்ளையோ தன் புள்ளன்னு நெனச்சுகினே கண்ண மூடிட்டான்.”

அக்கா காபித் தட்டோடு அவருக்கு நேர் எதிரில் நின்றுகொண்டிருந்தாள். நான் அந்த ஆளைச் சட்டையோடு கொத்தாகப் பிடித்துத் தூக்கினேன். நாலு பேர் வந்து பிரித்துவிட்டார்கள். அதற்காக நான் இன்றுவரை வருத்தப்படவில்லை, இனியும் படமாட்டேன்.

அடுத்த வாரம் அக்கா என்னைத் திருவொற்றியூரில் தன் வீட்டுக்குக் கூப்பிட்டாள். அவளுக்கும் அறுபது ஆகிவிட்டது, பேரன் காலேஜ் போகிறான். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“தம்பி, எனுக்கு ஒன்னே ஒன்னு தெரியணும். நான் நைனா பொண்ணுதானா?”

“இன்னாக்கா லூசு மாதிரி பேசிகினு.”

“கத்தாதடா. அந்த நார்வேக்காரரு நெஜமாவே இருந்தாருன்னு எங்கனா எழுதி கீதா பாரு. இருந்தா போதும், அப்பால நான் வாயே தொறக்க மாட்டேன்.”

டி.என்.ஏ. டெஸ்ட் என்று ஒன்று இருக்கிறதாம், சின்னக் குழாயில் எச்சில் துப்பி அனுப்பினால் வம்சம் முழுக்கச் சொல்லிவிடுவார்களாம், பேரன் யோசனை சொல்லியிருக்கிறான். “எங்கம்மா மானத்த டப்பால துப்பி அனுப்புறதா?” என்று அவனைத் துரத்திவிட்டிருக்கிறாள். காகிதம்தான் பார்க்க வேண்டும் என்றாள்.

நான் ஆயுசு முழுக்க டிரெய்லர் ஓட்டினவன். எண்ணூர் துறைமுக வாசலில் வண்டியை வரிசையில் போட்டுவிட்டு ராத்திரி பகல் கிடந்தவன். காகிதத்துக்கும் எனக்கும் ஆகாது. அதனால் முதலில் எனக்குத் தெரிந்த வழியில்தான் தேடினேன். நார்வே கொடி போட்ட கப்பல் ஒன்று வந்திருப்பதாகப் பழைய கூட்டாளி சொன்னான். அதன் மாலுமிகள் நாலைந்து பேர் துறைமுக வாசல் கடையில் சோப்பும் சிப்ஸும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஓடிப்போய் “நார்வே? நார்வே?” என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே எல்லாரும் பிலிப்பைன்ஸ் என்றார்கள். சமையல்காரர் மட்டும், “அண்ணாச்சி, நான் தூத்துக்குடி” என்றார். கொடி மட்டும்தான் நார்வே. பேஜாராகிவிட்டது.

பிறகுதான் எங்கள் மாதா கோயில் ஆபீசுக்குப் போனேன். அங்கே வேலை பார்க்கும் பெண், என் மகள் வயசிருக்கும், நான் விஷயத்தைச் சொன்னதும் பீரோவைத் திறந்து பழைய ஞானஸ்நானப் புத்தகங்களை வெளியே எடுத்தாள். பூச்சி அரித்த தாள், பழுப்பு மை. நைனாவுடைய பதிவு சீக்கிரம் கிடைத்தது. அதில் நைனாவின் அப்பா பெயர் இருந்தது. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு அவர் குழந்தையாக இருந்த காலத்துப் பக்கங்களைத் தேடினோம். அதற்கு மூன்று தடவை போக வேண்டியிருந்தது. தும்மலோ தும்மல்.

மூன்றாவது தடவை கிடைத்துவிட்டது. குழந்தை பெயர், தாய் பெயர், தகப்பன் பெயர். தகப்பன்தான் எங்கள் கொள்ளுத்தாத்தா, நாங்கள் தேடின ஆள். பெயருக்குப் பக்கத்தில் ஒடுக்கமான ஒரு கட்டம். அதில் தமிழில், குண்டு குண்டாக, ‘நார்வே’ என்று எழுதியிருந்தது.

கோயில் ஆபீஸ் என்றும் பார்க்காமல் விசிலடித்துவிட்டேன். உடனே அக்காவுக்கு போன். “யக்கா! கீறாருக்கா! நார்வேன்னு எழுதி கீது! என் கண்ணால பாத்துகினு கீறேன்!” அந்தப் பக்கம் அழுகை. அக்கா அப்படி அழுது நான் கேட்டதில்லை, நைனா போனபோதுகூட. “போதும்டா தம்பி, போதும்” என்று மட்டும் சொன்னாள்.

போனை வைத்தபோது அந்தப் பெண் கட்டத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டிருந்தாள். “அண்ணே, கீழ் வரியில ஒரு எழுத்து இருக்கு. எனக்குப் படிக்க வரல. ஏதோ கிறுக்கல் மாதிரி இருக்கு.”

குனிந்து பார்த்தேன். கிறுக்கல் இல்லை. நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த பழைய ‘லை’. முன்னால் தும்பிக்கை வைத்த மாதிரி எழுதுவோமே, பிறகு அரசாங்கம் மாற்றிவிட்டதே, அந்த லை. கட்டத்தில் இடம் போதாமல் எழுதினவர் சொல்லை உடைத்துக் கீழே இறக்கியிருக்கிறார். நார்வே, கீழே லை. நார் வேலை. அதற்கும் கீழே, ‘கப்பல் கயிறு’.

தேங்காய் நாரை அடித்துக் கப்பலுக்குக் கயிறு திரிக்கிற வேலை. நார் வேலைக்காரர் வீடு. எங்கள் தெரு வாயில் ‘லை’ எத்தனை நாள் தங்கும்? நார்வேலக்காரரு வூடு, நார்வேக்காரரு வூடு. அவ்வளவுதான் எங்கள் நார்வே.

“கட்டத்த கொஞ்சம் பெருசா போட்டா இன்னா கேடு?” என்று அந்தப் பெண்ணிடம் கத்தினேன். அவள் என்ன செய்வாள், பாவம். பிரதி போட்டுக் கையில் கொடுத்து, ஒரு டம்ளர் தண்ணியும் கொடுத்தாள்.

பைக்கில் திருவொற்றியூர் போகிற வழி முழுக்க, சொல்லக்கூடாது, சொல்லவே கூடாது என்று நினைத்துக்கொண்டே போனேன். நார்வே என்று படித்தாயிற்று, அப்படியே விட்டுவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் வீட்டுக்குள் நுழைந்தால் அக்கா தலைக்குக் குளித்து, புதுப் புடவை கட்டி, கேசரி கிளறிக்கொண்டிருக்கிறாள். பத்து வருஷம் குறைந்த முகம். “சொல்லுடா, இன்னும் இன்னா எழுதி கீது? கப்பல் பேரு கீதா?” என்று கேட்டாள். எனக்குப் பொய் வராது. வராத இடத்தில் கோபம்தான் வரும். “நார்வேயும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல! நாரு வேல! கயிறு திரிக்கிறவரு!” என்று காகிதத்தை மேஜை மேல் அடித்தேன்.

அக்கா அடுப்பை அணைத்தாள். மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு கட்டத்தைப் படித்தாள். நான் நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல், “கண்ணு எங்கேர்ந்து வேணா வரும்கா, அதுக்கு நார்வேதான் வரணுமா” என்று என்னென்னவோ உளறினேன். அவள் கேட்டதாகவே தெரியவில்லை.

“தண்டையார்பேட்டையில ஒரு கயித்துக் கிடங்கு இருந்துச்சு” என்றாள். “நான் சின்னப் பொண்ணா இருக்கச் சொல்ல நைனா சைக்கிள்ல வச்சு இட்டுகினு போய் காட்டினாரு. ‘இங்கதான் எங்க தாத்தா நார் அடிச்சு, கயிறு திரிச்சு பொழச்சாரு’ன்னாரு. அவருக்கு ரெண்டு தாத்தா இருந்திருப்பாங்கல்ல? இது அந்த இன்னொருத்தருன்னு நெனச்சுகினு இருந்துட்டேன்.”

எனக்குப் புரிய நேரமானது. “அப்போ நைனாவுக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சுதாண்டா சொல்லிகிறாரு.” கண்ணாடியைக் கழற்றினாள். அந்தப் பச்சைக் கண் இரண்டும் நிரம்பியிருந்தது, ஆனால் வாய் சிரித்தது. “தாத்தாவும் இல்ல, கப்பலும் இல்ல. என்னிய கைல வச்சுகினு, அங்கயே, அந்த நிமிஷமே... எனுக்கோசரம் ஒரு தேசத்தையே இட்டாந்துகிறாரு பாரு அந்த மன்ஷன்.”

நான் சேரில் உட்கார்ந்துவிட்டேன். அவள் கேசரியைத் தட்டில் வைத்து என் முன்னால் தள்ளினாள்.

“இனிமே யார்னா கேட்டா இன்னாக்கா சொல்றது?”

“நைனா இன்னா சொன்னாரோ, அத்தான்” என்றாள். “அவரு பொண்ணு வேற இன்னாத்த சொல்லும்?”