சத்தம் வாங்கிய பெட்டி

அண்ணனுடைய இசைக்குழுவில் அவளை எல்லோரும் 'சத்தம்' என்றுதான் கூப்பிட்டார்கள். வாயைத் திறந்து அதிகம் பேசமாட்டாள், அதற்காகக் கிண்டலாக வைத்த பெயர் என்று அவள் நினைத்திருந்தாள். "சத்தம் ஏறியாச்சா? வண்டியை எடு" என்று கீபோர்டுகாரன் குரல் கொடுத்தால் எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

பகலில் அவளுக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை. தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும் சக்கரத்தில் லென்ஸின் ஓரத்தை வைத்துத் தேய்ப்பாள்; ஃப்ரேமில் பொருத்திப் பார்ப்பாள்; ஒரு மயிரிழை கூடுதலாக இருந்தால் மறுபடி சக்கரம். நகக்கண்களில் வெள்ளைச் சேறு ஏறிக் காய்ந்து கிடக்கும். வேலை முடிந்ததும் பழைய பல்துலக்கியால் அதைத் தேய்த்துக் கழுவிவிட்டு, பாட்டுக்கு அடியில் கனத்த ஓசை கொடுக்கும் பேஸ் கிட்டாரை முதுகில் மாட்டிக்கொண்டு அண்ணனின் வண்டிக்காகத் தெருமுனையில் நிற்பாள்.

குழுவில் அவள் சேர்ந்ததே அம்மாவின் நச்சரிப்பால்தான். "கல்யாணமும் ஆகல, வேலை விட்டு வந்தா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு வீட்டுலயே உக்காந்திருக்கா. உன்கூட இழுத்துக்கிட்டுப் போயேன்டா" என்று அம்மா அண்ணனிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்தச் சமயத்தில் பேஸ் வாசித்துக்கொண்டிருந்தவன் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டான். கிட்டாரை அண்ணன் வீட்டிலேயே போட்டுவிட்டுப் போயிருந்தான். நாலே கம்பிதான், இவளுக்கு வரும் என்று அண்ணன் அதை அவள் கையில் கொடுத்தான். விரல் நுனி கொப்பளித்துக் காய்த்துப் போகும்வரை அவள் விடவில்லை. கற்றுக்கொண்டாள்.

மேடையில் அவளுக்கு ஒரே ஒரு குறை. அவள் வாசிப்பது அவளுக்கே சரியாகக் கேட்காது. கிட்டாரிலிருந்து போகும் வயர் நேராக, எல்லோருடைய ஒலியையும் கூட்டிக் குறைக்கும் சவுண்ட்காரரின் போர்டுக்குப் போய்விடும். அவர் வைப்பதுதான் ஸ்பீக்கரில் வரும். அவள் காதில் விழுவதெல்லாம் கனமான, மங்கலான ஓர் ஓசை. பக்கத்து அறையில் வேறு யாரோ வாசிப்பது போலிருக்கும்.

"அண்ணே, என்னோடதக் கொஞ்சம் கூட்டிக் குடுங்களேன்" என்று சவுண்ட்காரரிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள்.

"கூட்டியாச்சும்மா" என்பார் அவர், அண்ணன் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு.

அதனால்தான் ஒலியைப் பெருக்கிக் கொடுக்கும் ஒரு ஆம்ப் வாங்கலாம் என்று நினைத்தாள். ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் காம்போ ஆம்ப். அதைக் காலடியில் வைத்துக்கொண்டால் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. அண்ணனிடம் சொன்னபோது, "உனக்கெதுக்கு அதெல்லாம்? காசைக் கரியாக்காதே" என்றான். தன் மேல் அக்கறை என்று எடுத்துக்கொண்டாள்.

கையில் இருந்தது கடைவாய்ப் பல்லுக்கு உறை போட ஒதுக்கி வைத்திருந்த பணம். பல் கொஞ்ச நாள் பொறுக்கட்டும் என்று இடது பக்கமாகவே மென்று பழகினாள்.

முதலில் பெரிய கடைக்குப் போனாள். கழுத்தில் டை கட்டிய விற்பனையாளன், "யாருக்கு மேடம், தம்பிக்கா?" என்று கேட்டான். எனக்குத்தான் என்றதும் அவன் முகத்தில் இருந்த மரியாதை பாதி இறங்கிவிட்டது. அவன் காட்டிய பெரிய பெட்டியில் கடையின் கண்ணாடிக் கதவே அதிர்ந்தது. தூக்கிப் பார்த்தாள். முழங்கால்வரை வந்த பெட்டி அதற்கு மேல் வரமாட்டேன் என்றது. அவள் இருப்பது மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. விலையைக் கேட்டபோதோ, பல் என்ன, தாடையையே அடகு வைத்தாலும் கட்டுப்படியாகாது என்று புரிந்தது.

அவளுடைய காசுக்குள் வருவது ஒரு குட்டிப் பெட்டி. மெல்லிய கம்பிகளுக்கு ஒழுங்காகப் பாடியது; தடித்த கம்பியைத் தட்டியதும் சளி பிடித்தவன் தொண்டையைக் கனைப்பது போல் கனைத்தது.

"அப்ப சாதா கிட்டார் ஆம்ப் எடுத்துக்குங்க மேடம். எல்லாம் ஒண்ணுதான்."

ஒன்று இல்லை என்று அவளுக்குத் தெரியும். பேஸின் அதிர்வைத் தாங்காமல் அந்த ஸ்பீக்கரின் காகிதம் கிழிந்துவிடும். வாதாட மனமில்லாமல் வெளியே வந்துவிட்டாள்.

தேடிய பெட்டி ஒரு ரிப்பேர் கடையில் கிடைத்தது. யாரோ கொடுத்துவிட்டுத் திரும்பி வராத பெட்டி. பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர். முதுகுப் பக்கம் சரிவாக வெட்டியிருந்ததால், பின்னால் சாய்த்து வைத்தால் வாசிப்பவர் முகத்தைப் பார்த்துப் பேசும். ஹெட்போன் மாட்ட ஒரு துளை இருந்தது. கைப்பிடி உடைந்து அங்கே கயிறு கட்டியிருந்தது. ஒரு குமிழைக் காணோம், அதன் தண்டை விரலால் திருக வேண்டும்.

அவள் உடனே வாங்கிவிடவில்லை. கம்பியைத் தொடாமல் வால்யூமை மட்டும் கூட்டி, இரைச்சல் எவ்வளவு என்று காதை வைத்துக் கேட்டாள். வயரை ஆட்டி ஆட்டிப் பார்த்தாள். தடித்த கம்பியைத் தட்டிவிட்டு அது முழுதாக அடங்கும்வரை காத்திருந்தாள். இன்னொரு நாள் வந்து இதையெல்லாம் மறுபடி செய்தாள். கடைசியில், "தூக்கிக்கிட்டு இந்தத் தெருவை ஒரு சுத்து சுத்திட்டு வரட்டுமா?" என்று கேட்டாள்.

"வாங்கறதுக்கு முன்னாடியே ஊர்வலமா?" என்றார் ரிப்பேர்காரர். ஆனாலும் விட்டார். நடுவில் ஒரு தடவை கை மாற்றியது போதுமானதாக இருந்தது. பணத்தைக் கொடுத்தாள்.

வீட்டில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதல் கம்பியைத் தட்டியபோது அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. இவ்வளவு பக்கத்தில் அவள் தன்னைக் கேட்டதே இல்லை. அம்மா சமையலறையிலிருந்து கூப்பிட்டது காதில் விழவில்லை.

அடுத்த நிகழ்ச்சி ஒரு கம்பெனியின் ஆண்டு விருந்து. வண்டி தாமதமாகப் போய்ச் சேர்ந்ததால் ஒலியைச் சரிபார்க்கக்கூட நேரமில்லை. ஆம்பைப் பார்த்து அண்ணன் முகம் சுளித்தான். "அது எதுக்கு இங்க?" என்றான். அதற்குள் விழாக்காரர்கள் அவனைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவள் பெட்டியைத் தன் காலடியில் சாய்த்து வைத்து, வேண்டிய அளவுக்குக் கூட்டினாள்.

முதல் பாட்டில் எதுவோ உதைத்தது. ஒவ்வொரு அடியும் இரண்டிரண்டாக விழுந்தது. ஒன்று விழ, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. முன்வரிசையில் இருந்த ஒருவர் காதைத் தேய்த்துக்கொண்டார். கீபோர்டுகாரன் கழுத்தைத் திருப்பி முறைத்தான். அவள் இன்னும் அழுத்தமாக வாசித்தாள். இரண்டாவது பாட்டின் நடுவிலேயே அண்ணன், கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தபடி, கிட்டாரோடு பின்னால் நகர்ந்து வந்து குனிந்து ஆம்பின் சுவிட்சை அணைத்துவிட்டான்.

பாட்டு முடிந்ததும் பாடகியான அண்ணி மைக்கில் சொன்னாள்: "எங்க நாத்தனார் புதுப் பொம்மை வாங்கியிருக்காங்க. பொம்மை புதுசுன்னா கொஞ்சம் சத்தம் போடத்தானே செய்யும்!"

கூட்டம் கைதட்டிச் சிரித்தது. மிச்ச நிகழ்ச்சி முழுவதும் அவள் அணைந்த பெட்டிக்குப் பின்னால் நின்று விரல்களை நகர்த்திக்கொண்டிருந்தாள். நிறுத்திவிட்டால் எல்லோரும் பார்ப்பார்களே என்ற பயம்.

சாமான்களைக் கட்டும்போது சவுண்ட்காரரிடம் போனாள். "அண்ணே, என்னோடது வெளியே எப்படிக் கேட்டது?"

அவர் வயரைச் சுற்றிக்கொண்டே நிமிராமல் சொன்னார். "உன் லைன் போர்டுல மூடித்தான்மா இருக்கு."

"எப்பலேர்ந்து?"

அவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கிட்டாரை உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தான். "டாக்டர் வீட்டு ஃபங்ஷன்ல தப்பான சுருதியில ஆரம்பிச்சியே, ஞாபகமிருக்கா? அன்னைக்கு மூடச் சொன்னேன்."

"அது நான் சேந்த புதுசுலண்ணா! எத்தனை வருஷமாச்சு!"

"அப்புறம் திறக்கச் சொல்ல மறந்துட்டேன்."

"நீங்க சொல்லல. நானா எப்படித் திறக்கறது?" என்றார் சவுண்ட்காரர்.

"இவன் இடது கையால அந்தப் பகுதியையும் சேத்து வாசிச்சிட்டான். ஒரு குறையும் தெரியல" என்று அண்ணன் கீபோர்டுகாரனைக் காட்டினான். "யாரும் கேக்கல."

காதால் கேட்கவில்லையா, வாயால் கேட்கவில்லையா என்று அவன் பிரித்துச் சொல்லவில்லை. இரண்டும்தான்.

"அப்ப என்னை சத்தம்னு கூப்பிடறது..."

கீபோர்டுகாரன் இருமுவது போலச் சிரித்தான். "சும்மா, ஜாலிக்கு."

"இன்னைக்கு நான் எப்படி வாசிச்சேன்? அதையாவது சொல்லு."

"லேட்டா வர்ற. நான் அடிச்ச அப்புறம் அடிக்கற. ஒவ்வொரு அடியும்."

அது உள்ளே இறங்க அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. பக்கத்து அறையில் யாரோ வாசிப்பது போல இத்தனை வருடம் கேட்டது அவளுடைய பேஸ் அல்ல, அவனுடைய இடது கை. அதைத் தன்னுடையது என்று நம்பி, அது கேட்ட பிறகே விரலை வைத்து வைத்து, பின்னால் வருவதே அவளுக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது. சேர்ந்த புதிதில் அவளிடம் இருந்தது சுருதி தவறிய ஒரே ஒரு பாட்டு. இப்போது எல்லாப் பாட்டும் தவறு.

அண்ணன் தோளில் தட்டினான். "உன்னை யாரும் போகச் சொல்லல. எப்பவும் போல வந்து நில்லு, உன் பங்கு வந்துடும். அந்த ஆம்ப் மட்டும் நல்லா இருக்கு. ஸ்பீக்கர் இல்லாத எடத்துக்கு இவன் கீபோர்டுக்குப் போட்டுக்கறோம்."

"தரமாட்டேன்" என்றாள். அவள் அண்ணனிடம் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வீட்டுக்குப் போனாள்.

அதன்பிறகு அவள் குழுவுக்குப் போகவில்லை. கடைவேலை முடிந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கடிகாரம் போல் டிக் டிக் என்று அடிக்கும் ஒலியை ஃபோனில் ஓடவிட்டு, அதோடு சேர்ந்து அடிக்கப் பழகினாள். விரல் பின்வாங்கியது. தேய்க்கத் தேய்க்க லென்ஸ் அடங்கிவிடும். இது அடங்க மறுத்தது.

ஒரு சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து வந்தபோது பெட்டி இருந்த சுவரோரம் காலியாக இருந்தது.

"அண்ணன் வந்தான், கேட்டான், குடுத்தேன்" என்றாள் அம்மா, வெங்காயம் உரித்தபடி. "புதுசா திறக்கற ஃபர்னிச்சர் கடை வாசல்ல கச்சேரியாம். சம்பாதிக்கறவனுக்கு உதவினா என்ன கொறஞ்சு போகுது?"

"அது என்னோடதும்மா."

"வச்சிக்கிட்டு என்ன பண்ணப் போற? உன் சத்தத்தை மூடி வச்சிருக்கறது எனக்கு அப்பவே தெரியும். நீ சிரிச்சிக்கிட்டுப் போய்ட்டு வந்த. அதை ஏன் கெடுக்கணும்னு இருந்துட்டேன்."

செருப்பைக் கழற்றாமலே அவள் திரும்பி இறங்கினாள்.

ஃபர்னிச்சர் கடை வாசலில் கூட்டம் நெரிந்தது. சோபாக்களை வெளியே இழுத்துப் போட்டு அதில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். கீபோர்டுக்குக் கீழே அவளுடைய பெட்டி சாய்ந்திருந்தது. அவள் சற்று நேரம் கூட்டத்தில் நின்று கேட்டாள். ஒவ்வொரு சுரமும் உருண்டு திரண்டு, தனித்தனியாக வந்தது. தெருவில் வாகனங்கள் போகும் இரைச்சலிலும் அது மங்கவில்லை. சரியானதைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறாள். அந்த நினைப்பில்தான் அவளுக்கு அழுகை வந்தது.

மேடையென்று தனியாக இல்லை, நடந்தே போகலாம். பாட்டின் நடுவே போய்க் குனிந்து பிளக்கைப் பிடுங்கினாள். கீபோர்டுகாரன் வாயைப் பிளந்தான். அவள் அவனுடைய வயரைக் கழற்றி அவன் காலடியில் போட்டாள், பெட்டியின் வயரைச் சுருட்டினாள், கயிற்றைப் பிடித்துப் பெட்டியைத் தூக்கினாள். அண்ணன் திரும்பிப் பார்த்தான். பார்த்துவிட்டு, கிட்டாரைத் தொடர்ந்து வாசித்தான். அண்ணி பாடிக்கொண்டே இருந்தாள். சோபாவில் இருந்தவர்கள் தாளம் போட்டுக்கொண்டே இருந்தார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் வெளியே போனபோது ஒருவர், "பாத்துப் போம்மா, இடிக்குது" என்று மட்டும் சொன்னார்.

அம்மா சில நாளில் அண்ணன் வீட்டுக்குக் குடிபோனாள். கீபோர்டுகாரன் பெரிய பெட்டியாக ஒன்று வாங்கிவிட்டதாகக் கேள்வி. அவள் பழகுவதை விடவில்லை. பின்வாங்கல் பெருமளவு குறைந்தது, முழுதாகப் போகவில்லை.

ஒரு தடவை ரிப்பேர்காரர் யார் மூலமாகவோ கேள்விப்பட்டுச் சொல்லி, அலுவலகத்தில் வேலை பார்க்கும் நாலு பேர் சேர்ந்து வாசிக்கும் இடத்துக்குப் போனாள். கார் நிறுத்தும் கொட்டகை அது. பேஸுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். மரியாதையானவர்கள், நாற்காலி போட்டு, காபி கொடுத்தார்கள். அவர்களோடு சேர்ந்து இரண்டு பாட்டு வாசித்தாள். இரண்டாவது முடிந்ததும் டிரம் வாசித்தவரும் பாடியவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாடியவர் தொண்டையைச் செருமினார்.

"ஆம்ப் ரொம்ப நல்லா இருக்குங்க" என்றார். "எங்க வாங்கினீங்க?"

அவள் ரிப்பேர் கடைக்கு வழி சொன்னாள். பஸ் நிறுத்தத்தில் இறங்கி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், அவர் எப்போது கடையைத் திறப்பார், வால்யூமைக் கூட்டி இரைச்சலைக் கேட்காமல் எதையும் வாங்கிவிட வேண்டாம் என்பதுவரை சொன்னாள். அவர்கள் கவனமாகக் கேட்டுக்கொண்டார்கள்.