புளியங்கொட்டைக் கஞ்சி

எம்.எஸ்சி. வேதியியல் முடித்த கையோடு கோயம்புத்தூரில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் எனக்கு உதவியாளர் வேலை கிடைத்தது. அதே மாதம் கல்யாணமும் நிச்சயமானது. மாப்பிள்ளை பரவைப் பக்கம் ஒரு மில்லில் சைசிங் மாஸ்டர், வீடு விளாங்குடியில். "கோயம்புத்தூரெல்லாம் எதுக்கு? ஏதாச்சும் பண்ணணும்னா இங்கேயே பண்ணுவோம், நான் கூட இருக்கேன்" என்றார் அவர். எழுபதுகளின் கடைசியில் ஒரு ஆண் பெண்ணிடம் அப்படிச் சொன்னதே எனக்குப் பெரிதாகப் பட்டது. வேலையை வேண்டாமென்று எழுதிப் போட்டேன்.

சைசிங் என்பது தறியில் ஏற்றுவதற்கு முன்பு, நீளவாட்டில் ஓடும் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவது. கஞ்சி குடிக்காத நூல் தறியின் உரசலைத் தாங்காமல் அறுந்துவிடும். அவருடைய மில்லில் மக்காச்சோள மாவைக் காய்ச்சி ஊற்றினார்கள். பெரிய மில்களுக்கு அப்போது ஒரு வெள்ளைப் பவுடர் வரத் தொடங்கியிருந்தது. பெட்ரோலியத்திலிருந்து எடுக்கிற, பிளாஸ்டிக் வகையைச் சேர்ந்த பவுடர். ஒன்று மனுஷன் தின்கிற தானியம், இன்னொன்று மண்ணைத் தோண்டி எடுத்துத் தீர்ந்துபோகிற எண்ணெய். துணியை மடித்து வைக்கும்போதெல்லாம் இது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒருநாள் கீழமாசி வீதியில் புளி மண்டி ஒன்றின் வாசலில் புளியங்கொட்டை மலைபோலக் கிடந்ததைப் பார்த்தேன். கொட்டைக்குள் இருக்கும் பருப்பு வெந்நீரில் பசையாகும் என்பது படித்ததுதான். திண்டுக்கல் ரோட்டில் வழிநெடுகப் புளியமரம். யாரும் உழவேண்டாம், தண்ணீர் பாய்ச்ச வேண்டாம், வருஷா வருஷம் அதுவாகக் காய்க்கிறது. அன்றைக்கே ஒரு சாக்கு கொட்டையோடு வீட்டுக்கு வந்தேன்.

மணலில் வறுத்து, இடித்துத் தோலைப் புடைத்து, பருப்பை மாவு மில்லுக்குக் கொண்டுபோனேன். மில்காரர் முதலில் வாங்கவே மாட்டேனென்றார். "கல்லு போயிரும்மா. எதுக்கு இம்புட்டுக் கொட்டை? மாட்டுக்கா?" என்றார். "துணிக்கு" என்றேன். அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

ஆறினால் கஞ்சி களிபோல இறுகியது. அடுத்த நாள் பூசணம் பிடித்தது. அதற்குத் துளி மயில்துத்தம் சேர்த்தேன். நூல் விறைக்காமல் இருக்கக் கொஞ்சம் எண்ணெய் சேர்த்தேன். வீட்டில் நூலை நனைத்துக் காயவைத்து இழுத்துப் பார்க்கலாம், அவ்வளவுதான். ஓடுகிற தறியில் என்ன ஆகும் என்பதை என் வீட்டுக்காரர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

முதல் டின் மாவை அவர் சைக்கிளில் கட்டிக்கொண்டு போன நாள் நான் வாசலிலேயே நின்றேன். சாயந்திரம் வந்தவர் வண்டியை ஸ்டாண்டு போடுவதற்கு முன்னாலேயே சொன்னார்: "ஓடிருச்சு!"

"நெசமாவா?"

"மூலைத் தறிக்காரர் கேக்குறாரு, 'என்ன மாஸ்டர், இன்னைக்கு நூலு வழுக்கிக்கிட்டு ஓடுது, அறுப்பே இல்லையே'ன்னு. அவருட்ட நான் ஒண்ணும் சொல்லல. சிரிச்சுக்கிட்டே வந்துட்டேன்."

அந்த மூலைத் தறிக்காரரை நான் பார்த்ததே இல்லை. ஆனால் அடுத்த ஒன்றரை வருஷம் அவர் எங்கள் வீட்டு ஆள் மாதிரி ஆகிவிட்டார். வாரம் ஒரு டின் மாவு போகும், சாயந்திரம் அவர் சொன்ன சேதி வரும். பாராட்டு மட்டுமில்லை, குறையும் வரும். "இந்தத் தடவ லேசா ஒட்டுச்சுன்னாரு" என்றால் எண்ணெயைக் கூட்டுவேன். "துணி கொஞ்சம் பழுப்பா இருக்காம்" என்றால் வறுவலைக் குறைப்பேன். ஒவ்வொரு குறைக்கும் நாள்கணக்கில் அடுப்படியில் நிற்பேன். கண்ணால் ஒருதடவை பார்க்க வேண்டுமென்று எத்தனையோ முறை கேட்டேன். "சைசிங் ஷெட்டுக்குள்ள பொம்பளைகள விட மாட்டாங்க. ஆவியும் சூடும், நீ நிக்கவும் முடியாது" என்பார். மில்லில் அப்படித்தான் இருக்கும் என்று நம்பினேன்.

என்னோடு படித்த தோழி ஒருத்தி செல்லூரில் வாக்கப்பட்டிருந்தாள். அவள் மாமனார் வீட்டில் கைத்தறி. ஒரு கல்யாணத்தில் அவளைப் பார்த்தபோது என் மாவைப் பற்றிச் சொன்னேன். "அப்ப எங்க பாவுக்குப் போட்டுக் காட்டு. எங்க மாமாவும் ஸ்டார்ச் வெலையப் பாத்துப் பொலம்பிக்கிட்டேதான் இருக்காரு" என்றாள்.

அவர்கள் தெருவில் பாவை நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, பிரஷ் போட்டுத் தேய்த்துக் காயவைப்பார்கள். நானே காய்ச்சி, நானே நின்று தடவச் சொன்னேன். காய்ந்ததும் கஞ்சி செதில் செதிலாக உதிர்ந்தது. தறியில் ஏற்றிய கொஞ்ச நேரத்தில் இழைகள் படபடவென்று அறுந்தன. தோழியின் மாமனார் கோபப்படவில்லை. "பாதிப் பாவு போச்சேம்மா" என்று மட்டும் சொன்னார்.

மில்லில் ஓடுகிற மாவு இங்கே ஏன் ஓடவில்லை? நான் காய்ச்சிய விதத்தில்தான் தப்பு என்று நினைத்தேன். இன்னொரு தடவை பக்குவம் மாற்றிப் பார்த்தேன். அதுவும் போனது.

"நீங்க வந்து காச்சிக் குடுங்க. ஒங்க கைக்குத்தான் அது வருது" என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் ஏதேதோ சாக்குச் சொன்னார். நான் விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை செல்லூருக்கு வந்தார், கையில் மஞ்சள் பையோடு.

கஞ்சி கொதிக்கும்போது நான் தண்ணீர் எடுக்கக் குழாயடிக்குப் போனேன். திரும்பும்போது அவர் பையிலிருந்து ஒரு டிபன் பாக்ஸை எடுத்து அண்டாவுக்குள் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க அது?"

"நொரை வராம இருக்க ஒரு சாமான். மில்லுல எப்பவும் போடுறதுதான்."

டிபன் பாக்ஸின் ஓரத்தில் வெள்ளையாகக் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அவர் பாவுப் பக்கம் போனதும் அதில் சூடான தண்ணீரை விட்டுக் கரைத்து, ஒரு தட்டில் ஊற்றி வெயிலில் வைத்தேன். பாவுக்குக் கஞ்சி ஏறியது. நன்றாகவே ஏறியது. தோழியின் மாமனார் நூலை விரலில் உருட்டிப் பார்த்து, "இப்பத்தான் சரியா இருக்கு மாஸ்டர்!" என்றார். நான் தட்டைப் பார்த்தேன். காய்ந்து கிடந்ததை நகத்தால் கிளப்பினேன். கண்ணாடித் தாள்போல முழுசாக உரிந்து வந்தது. பெரிய மில்களுக்கு வருகிற அந்தப் பிளாஸ்டிக் பவுடர்தான்.

அவரை வீட்டின் பின்பக்கம் கூப்பிட்டு அதைக் கையில் கொடுத்தேன்.

"எப்ப இருந்து?"

தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். "மொத நாள் ஒம் மாவத்தான் போட்டேன். பூராம் அறுந்து போச்சு. மேனேஜர் கத்துனாரு. வீட்டுக்கு வந்தா நீ வாசல்லயே நிக்குற. சொல்ல மனசு வரல."

"மறுநாள் சொல்லிருக்கலாமே."

"நீ அம்புட்டு சந்தோசமா இருந்த."

"மில்லுல இதையும் என் மாவையும் கலந்தா ஓட்டுனீங்க?"

"இல்ல. எப்பவும்போல மக்காச்சோள மாவுதான்."

"என் மாவு என்னாச்சு?"

"வாச்மேன் எரும வச்சிருக்காரு" என்றார் மெல்ல. "அவருக்குக் குடுத்துருவேன்."

"அப்ப அந்த மூலைத் தறிக்காரர்?"

"அதெல்லாம் சும்மா சொன்னது" என்றார்.

எருமை தின்றதைக்கூட என்னால் தாங்க முடிந்தது. இல்லாத மனுஷன் சொன்ன இல்லாத குறைகளுக்காக நான் எண்ணெயைக் கூட்டியதும் வறுவலைக் குறைத்ததும்தான் தாங்கவில்லை. முதல் நாள் அறுந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ஏன் அறுந்தது என்று அன்றைக்கே தேட ஆரம்பித்திருப்பேன். என்னை விஞ்ஞானியாக அவர் நினைக்கவே இல்லை. கோயம்புத்தூர் போகாமல் வீட்டில் இருக்கிறவளுக்கு விளையாடக் கொடுத்த சொப்புச் சாமான், அவ்வளவுதான்.

தோழியின் மாமனாரிடம் உள்ளதைச் சொன்னேன். கஞ்சியில் வேறு பவுடர் கலந்திருக்கிறது, இது என் மாவின் வேலை இல்லை என்று. என் வீட்டுக்காரர் முன்னாலேயே சொன்னேன். அவர் மஞ்சள் பையை மடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். நான் அடுத்த பஸ்ஸில் போனேன்.

அவரை விட்டுப் போகவில்லை. போவதற்கு அந்தக் காலத்தில் எனக்கு இடமும் இல்லை, வயிற்றில் பிள்ளையும் இருந்தது. ஆனால் டின் மில்லுக்குப் போவது நின்றது. பிள்ளை பிறந்து தவழ ஆரம்பித்த பிறகு செல்லூருக்கு மறுபடி போனேன். பாவுகள் அறுந்தன. அறுந்த இடத்தை வெட்டி எடுத்துவந்து பார்த்தேன். மாவு மட்டும் தனியாக நிற்காது என்பது புரிந்தது. அரிசிக் கஞ்சியோடு பாதிக்குப் பாதி சேர்த்து, சூடு ஆறுவதற்குள் தடவினால் துண்டு நெய்கிற தடித்த நூலுக்குத் தாங்கியது. மெல்லிய நூலுக்குக் கடைசிவரை சரிப்படவில்லை. செல்லூரில் சில வீடுகளில் பல வருஷம் என் மாவைத்தான் வாங்கினார்கள். நான் ஆசைப்பட்டதில் அது சின்னத் துண்டு.

அவர் அதன்பின் எதைப் பாராட்டினாலும் எனக்கு உள்ளே போவதில்லை. "கொழம்பு நல்லாருக்கு" என்றால்கூட அவர் தட்டில் மிச்சம் வைத்திருக்கிறாரா என்று பார்ப்பேன். அவரும் அதைக் கவனித்திருந்தார். ஒருநாளும் எதுவும் கேட்கவில்லை.

எண்பதுகளின் கடைசியில் திண்டுக்கல்லிலிருந்து அவருடைய சொந்தக்காரர் ஒருவர் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்திருந்தார். நான் காபி கொண்டு வரும்போது என் வீட்டுக்காரர் அவரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஒங்களுக்குத் தெரியாதுண்ணே, இவ கண்டுபிடிச்ச புளியங்கொட்டை மாவுலதான் எங்க மில்லே ஒன்றரை வருசம் ஓடுச்சு."

சொன்னவர் முகத்தில் பொய் சொல்கிற அடையாளமே இல்லை. சொல்லிச் சொல்லி அவரே நம்பிவிட்டார் போல.

"இல்லண்ணே" என்றேன், டம்ளரை அவர்கள் முன் வைத்துக்கொண்டே. "மில்லுல ஒரு நாள்கூட ஓடல. செல்லூர்லதான் ஓடுச்சு, அதுவும் துண்டுக்கு மட்டும்."

வந்தவர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். என் வீட்டுக்காரர் காபியை எடுத்து, சூடென்றும் பாராமல் குடித்தார்.