பூவாத்தாள் தூக்கி வந்த பரிசல்

மேட்டூரில் அணை எழும்பிக்கொண்டிருந்த காலம். ஜேடர்பாளையத்துக்குக் கீழே, காவிரிக்கரை ஊர் ஒன்றில் பூவாத்தாளும் அவள் புருஷன் சென்னிமலையும் குடியிருந்தார்கள். ஆற்றின் நடுத்திட்டில் அவர்களுக்குக் கொஞ்சம் சோளக்காடு. அந்த ஐப்பசிப் புயலில் ஊர்ப் பனைகள் வேரோடு சாய்ந்தன. திட்டில் கட்டியிருந்த ஆடுகளை அவிழ்த்துவிட முழங்கால் தண்ணீரில் போன சென்னிமலை திரும்புவதற்குள் வெள்ளம் வழியை மூடிவிட்டது. மருத மரத்தில் ஏறிக்கொண்டு அவன் கூப்பிட்ட குரல் கரைக்குக் கேட்டது.

ஊருக்கு ஒரே பரிசல்தான், அதுவும் மணியக்காரர் பாலசுந்தரத்துடையது. ஓட்டுபவன் அம்மாசி. முன்பொருமுறை கேட்காமல் எடுத்தான் என்று அவனைப் புளியமரத்தில் கட்டி அடித்திருந்தார்கள். அதனால் உத்தரவு கேட்டு மணியக்காரர் வாசலில் போய் நின்றான்.

"இந்தக் காத்துல பரிசல் போச்சுன்னா ஆரு பொறுப்பு? தாலூக்காவுக்கு ஆள் உட்டிருக்கறேன். உத்தரவு வரட்டும்" என்றார் அவர்.

பூவாத்தாள் கரைக்கும் அந்த வாசலுக்குமாக ஓடினாள். காற்று நின்றது, வானம் வெளுத்தது, உத்தரவு மட்டும் வரவில்லை. பொழுது சாயும்போது மருத மரம் வெள்ளத்தோடு போயிற்று. அவன் உடல்கூடக் கிடைக்கவில்லை.

வெள்ளம் வடிந்து சேறு காய்ந்த பிறகுதான் தாசில்தார் வந்தார். மாரியம்மன் கோயில் முன்னால் நாற்காலி போட்டு விசாரணை நடந்தது.

"அம்மாசிதாங்க பயந்துட்டான். நான் போகாதேன்னு சொல்லலீங்களே" என்றார் மணியக்காரர்.

"போன்னும் சொல்லலீங்க, சாமி." அம்மாசி தலையைத் தூக்கவில்லை.

"எதுத்தா பேசறே, நாயே?" என்று சீறினார் மணியக்காரர்.

கூட்டத்தில் ஒருவன் தாலூக்கா ஆபீசைச் சாடினான். தாசில்தாருக்கு முகம் சிவந்தது. சேதி வந்ததே மறுநாள்தான், கொண்டுவந்த தலையாரி வழியில் சத்திரத்தில் படுத்துவிட்டான் என்றார். பாதையெல்லாம் மரம் விழுந்து கிடந்ததே, அதை எடுக்க வேண்டியது யார் என்று தலையாரி திருப்பிக் கேட்டான். ஆளாளுக்குக் குரல் ஏறியது. செத்தவன் பேரை ஒருவரும் எடுக்கவில்லை.

பூவாத்தாள் எழுந்து மணியக்காரரைப் பார்த்தாள். "ஏனுங்க, காத்து நின்ன பொறகும் அவரு கூப்புட்டுக்கிட்டுத்தான் இருந்தாரு. உங்க காதுல உழுந்துச்சுங்களா, இல்லீங்களா? அதை மட்டும் சொல்லுங்க."

தெய்வச் செயலுக்கு மனுஷர் பொறுப்பல்ல, அரிசிக்கு ஏற்பாடு செய்கிறேன் என்று சொல்லித் தாசில்தார் வண்டியேறினார்.

பூவாத்தாள் நேரே துறைக்குப் போனாள். கவிழ்த்து வைத்திருந்த பரிசலைத் தலையில் தூக்கிக்கொண்டு, கலையாத அந்தக் கூட்டத்தின் நடுவிலேயே நடந்து வந்தாள்.

"ஏய், அது எம் பரிசல்" என்று கத்தினார் மணியக்காரர்.

"எங்கூட்டுக்கு வந்து எடுத்துக்குங்க."

பரிசலைத் தன் வீட்டு வாசலில் போட்டுக் கொடுவாளோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். எடுத்துவர மணியக்காரர் அனுப்பிய தலையாரி வேலிப்படல் வரைக்கும் வந்து திரும்பிப்போனான். போலீசுக்குப் போனால் சென்னிமலை செத்த கதை கிளறப்படும் என்று மணியக்காரர் பிராது கொடுக்கவில்லை. அவள் காட்டில் யாரும் கூலிக்கு இறங்கக்கூடாது என்று கட்டுப்பாடு போட்டார். அவளே உழுதாள், அவளே அறுத்தாள். அரிசி வந்தபோது வாங்கப் போகவில்லை.

ஒருநாள் அம்மாசி படலுக்கு வெளியே வந்து நின்றான். "அடிச்சாலும் அடிக்கட்டும்னு நான் போயிருக்கோணும், ஆத்தா."

"ஆமா. போயிருக்கோணும்" என்றாள். அவன் அழுததைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, "துடுப்புப் போடச் சொல்லிக் குடுத்துட்டுப் போ" என்றாள்.

சொல்லிக் கொடுத்தான். அதற்குப்பின் அவனிடமும் அவள் பேச்சு வைத்துக்கொள்ளவில்லை.

ஆறு பெருகினால் ஜனங்கள் அவள் வீட்டுக்குத்தான் ஓடினார்கள். யார் வீட்டு ஆள் என்று கேட்காமல் பரிசலை இறக்குவாள். ஏறியவர்கள் கையெடுத்துக் கும்பிட்டாலும் முகம் கொடுக்கமாட்டாள்.

மணியக்காரர் செத்தபோது ஊரே திரண்டு போயிற்று. பூவாத்தாள் திட்டில் சோளத்துக்குக் கிளி விரட்டிக்கொண்டிருந்தாள்.